ஒரே பெயரில் இரண்டு ரத்த அறிக்கைகள்

அத்தைக்கு வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அத்தை என் மாமியார். நான் வேலைக்குத் திரும்பியதும் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து புனேயில், பாணேர் பகுதியில் உள்ள எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தார். வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. பையின் சுவர் ஓரிடத்தில் தடித்திருந்தது. அது புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். கல்லீரல் நொதிகளுக்கான ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் எழுதித் தந்தார்.

ரத்தம் கொடுக்க அத்தை மறுக்கவில்லை. ஸ்கேன்தான் பயம். "அந்த மிசினுக்குள்ள எல்லாம் என்னால படுக்க முடியாது கண்ணு. ரத்தம் நல்லா இருந்தா விட்டுருவாங்கல்ல?" என்றார்.

பார்க்கலாம் என்றேன். உயிர்வேதியியல் முதுகலை படித்தவள் என்பதால் வீட்டில் மருத்துவ விஷயங்களில் என் சொல்தான் கடைசிச் சொல். பித்தம் போகும் வழி அடைபட்டால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜி.ஜி.டி. என்ற இரண்டு நொதிகளும் ரத்தத்தில் ஏறும். பித்தப்பைப் புற்றுநோயை அவற்றைக் கொண்டு அடையாளம் காண முடியுமா என்று ஆராய்கிறார்கள் என்பதையும் படித்திருந்தேன். அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டு எண்களையே நம்பிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சலுக்குப் பிறகு பாப்பா சரியாகச் சாப்பிடாததால் குழந்தை மருத்துவரும் அதே பரிசோதனையை எழுதியிருந்தார். ஒரே காலையில் வீட்டுக்கு வந்து இருவருக்கும் ரத்தம் எடுத்துப் போனார்கள். முதல் பேத்திக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார் பெயர் என்பதால் நான் குழந்தையைப் பாப்பா என்றே கூப்பிடுவேன். புனேயில் எந்தப் படிவமும் குடும்பப் பெயர் கேட்கும். நாங்கள் மாமனார் பெயரையே எல்லோருக்கும் எழுதிவிடுவோம். அப்படி இருவரின் முழுப்பெயரும் ஒன்றானது. கொடுத்த கைப்பேசி எண்ணும் என்னுடையதுதான்.

மாலையில் அறிக்கை வந்தது. அத்தையின் பெயர். வரம்பு மீறிய எண்களைச் சிவப்பில் காட்டுவார்கள்; எதுவும் சிவப்பில் இல்லை. ஜி.ஜி.டி. மிகக் குறைவு. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அத்தையிடம் சொல்லி, ஸ்கேனைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். மறுநாள் இன்னொன்று வந்தது. அதே பெயரைப் பார்த்து, திரும்ப அனுப்பியிருக்கிறார்கள் என்று திறக்காமல் விட்டேன். ஆய்வகத்தில் விசாரித்து, பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று குழந்தை மருத்துவரின் கிளினிக்கிலிருந்தே சொல்லிவிட்டதால் அவளுடைய அறிக்கையைத் தேடவும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் பாப்பாவின் தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவர் கோப்பில் வைக்க அறிக்கையைக் கேட்டார். அப்போதுதான் இரண்டாவது பாப்பாவுடையதாக இருக்கும் என்று தோன்ற, அதைத் திறந்து நீட்டினேன். அவர் புருவத்தைச் சுருக்கி, இதில் வயது அறுபத்து மூன்று என்று போட்டிருக்கிறதே என்றார்.

அது அத்தையின் அறிக்கை. ஜி.ஜி.டி. பல மடங்கு ஏறியிருந்தது. முதல் அறிக்கையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் இருநூற்று எண்பது. வளரும் எலும்புள்ள குழந்தைக்கு அது இயல்பு, பெரியவர்களுக்கு இல்லை. நான் படித்த பாடம்தான். அன்று வயதையோ அந்த எண்ணையோ கவனிக்கவில்லை, ஜி.ஜி.டி.யையும் சிவப்பு இல்லை என்பதையும் மட்டும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீ பார்த்தது பாப்பா ரத்தமா?"

"ஆமாங்க அத்தை."

"நல்லா இருக்குதுன்னு சொன்னியே கண்ணு."

அவர் ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மறுநாள் தயங்காமல் ஸ்கேன் இயந்திரத்தில் படுத்தார். அந்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. தடிப்பு புற்றுநோய்தான், ஆனால் பித்தப்பையின் சுவரைத் தாண்டவில்லை. நொதிகளை ஏற்றியது பித்தக் குழாயில் சிக்கிய ஒரு கல். எண்கள் சரியாக இருந்திருந்தாலும் ஸ்கேனைத் தள்ளியிருக்கக் கூடாது என்று அத்தையின் மருத்துவர் சொன்னார். பன்னிரண்டு நாளில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றும் சொன்னார். அதை இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை பதில் சுருக்கமாக இருந்தது. அது அவருடைய அவசரமா, என் முகத்தைப் பார்த்து வந்த இரக்கமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். மருத்துவர் வழக்கம்போல் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடங்கினார். அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "டாக்டர் சாப், முஜே போலோ" என்றார், என்னிடம் சொல்லுங்கள் என்று தனக்குத் தெரிந்த இந்தியில். அவர் நிதானமாக இந்தியில் சொன்னார். அத்தைக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியைக் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டிக்கொண்டிருந்த தன் மகனிடம் கேட்டுக்கொண்டு வந்தார். என் கணவர் ஓரிடத்தில் தவறாகச் சொன்னார். நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன், திருத்தவில்லை.