பதினெட்டாம் பக்கத்து ஆள்

சுடர்விழி தன் அப்பாவைப் பார்த்ததில்லை. அம்மா வயிற்றில் அவள் ஐந்து மாதமாக இருந்தபோதே காத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. பூதலூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் மாரியம்மன் கோயில் வாசலில் மாலை மாற்றி நடந்த கல்யாணம் அது. படம் எடுக்க ஆளைக் கூப்பிடும் வழக்கம் அந்தத் தெருவில் அப்போது யாருக்கும் கிடையாது.

ஆனாலும் அப்பாவின் முகம் தனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நாற்பத்தேழு வயதுவரை அவள் நினைத்திருந்தாள். அம்மா அம்சம் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். கூட்டுப் புருவம். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். "மூக்கு மட்டும் அப்படியே உன் மூக்குடி" என்பாள். நாற்று நட்டும் களை பறித்தும் ஒற்றை ஆளாக மகளை எம்.ஏ. வரை படிக்க வைத்தவள், கூடவே ஒரு அப்பாவையும் உண்டாக்கிக் கொடுத்திருந்தாள்.

இன்னொன்றும் அம்சம் சொல்லுவாள். கம்பெனிக்காரர்கள் ஜீப்பில் வந்து பண்ணை வயலில் பூச்சிமருந்து அடித்துக் காட்டினார்களாம். காத்தானையும் சேர்த்து நாலு ஆட்களுக்கு ஸ்பிரேயரை முதுகில் மாட்டக் கற்றுக்கொடுத்துப் படமும் பிடித்துக்கொண்டு போனார்களாம். "புஸ்தகத்துல போடுவோம்னு சொன்னாங்க. போட்டாங்களோ என்னவோ."

தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் பழைய வியாபாரக் கேட்லாக்குகளை ஸ்கேன் செய்யும் ஒப்பந்த வேலை வந்தபோது, சுடர்விழி யோசிக்காமல் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். நீடாமங்கலத்தில் இயந்திரக் கடை வைத்திருந்த ஜெக்கரியா என்பவர் இறந்த பிறகு, அவருடைய பிள்ளைகள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய அந்தப் புத்தகங்களைக் கொடுத்திருந்தார்கள். அரிக்கேன் விளக்கு, தையல் மிஷின், ஆயில் எஞ்சின், டிரான்சிஸ்டர் ரேடியோ என்று கம்பெனிகள் கடைக்காரர்களுக்கு அனுப்பிய புத்தகங்கள். தையல் மிஷின் முன்னால் தலை நிறையப் பூ வைத்த பெண் உட்கார்ந்திருப்பாள். இரும்புக் கலப்பைப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய பண்ணையார் நிற்பார். ஏர் பிடிப்பவனின் முதுகு மட்டும்தான் தெரியும். அந்தப் புத்தகங்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு, அந்தக் காலத்து ஜனங்கள் எல்லாரும் சிரித்த முகமாகவே வாழ்ந்து முடித்தார்கள் என்றுதான் தோன்றும்.

சில பக்கங்களைக் கைபேசியில் எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டுவாள். அம்சம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அப்ப இருந்துச்சா?" என்று கேட்பாள். அவள் வீட்டில் இருந்தது ஒரு சிம்னி விளக்கு, இரண்டு மண்சட்டி, ஓரம் நசுங்கிய ஓர் அலுமினியக் குண்டான்.

வேலையில் சேர்ந்த ஏழாவது மாதத்தில் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. 1977ஆம் வருஷம் அச்சானது, ஸ்பிரேயர்கள் மட்டும் கொண்டது. பதினெட்டாம் பக்கத்தில் முழங்கால் அளவு பயிரில் ஓர் இளைஞன் நின்றான். முதுகில் டின், கையில் குழாய், புதுச் சட்டை. முகத்தில் துணி இல்லை, கையில் உறை இல்லை. சிரித்துக்கொண்டிருந்தான். 'பூதலூர் வட்டாரத்தில் எங்கள் தெளிப்பானுடன் மகிழ்ச்சியான உழவர். சுகமான வேலை, சிறுவரும் இயக்கலாம்' என்று கீழே போட்டிருந்தது.

சுடர்விழி குனிந்து பார்த்தாள். புருவம் சேர்ந்திருந்தது போலவும் இருந்தது, சேராதது போலவும் இருந்தது. கன்னத்தில் இருந்தது குழியா, அச்சு மையின் கறையா என்று சொல்ல முடியவில்லை. படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு கரந்தையில் இருந்த வாடகை வீட்டுக்கு விரைந்தாள்.

அம்சம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்காக வாசல்படிக்குப் போனாள். திருப்பி வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"அப்பாதானேம்மா?"

"தெரியலடி."

"என்னம்மா தெரியலங்கற? நல்லா பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன்." அம்சம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு அவரு மூஞ்சி மறந்து போச்சு, சுடரு."

சுடர்விழிக்குச் சட்டென்று விளங்கவில்லை. அம்சம் தாளைப் பார்த்தபடியே பேசினாள்.

"பதினாலு மாசம்டி அவரோட இருந்தது. எனக்குப் பதினேழு வயசு. விடியறதுக்கு முன்னாடி வயலுக்குப் போயிருவாரு, இருட்டுனதும் வருவாரு. அவர நிமிந்து பாத்ததே கொறச்சல். நீ ஆறு வயசுல வந்து அப்பா எப்படி இருப்பாருன்னு கேட்ட பாரு, அப்பவே எனக்குச் சரியா நெனப்பு வரல."

"அப்ப கன்னத்துல குழின்னு சொன்னது?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்த. நான் என்னத்தையாச்சும் சொல்லணுமே."

"மூக்கு?"

அம்சம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மறந்தது முகம் மட்டும்தான். அவர் செத்த நாள் அவளுக்கு ஒன்றுவிடாமல் நினைவிருந்தது. அந்த வருஷம் குறுவையில் புகையான் பூச்சி விழுந்து வயல் வயலாகக் கருகியது. கம்பெனி பழக்கிய ஆள் என்று ஊரெல்லாம் காத்தானைத்தான் கூப்பிட்டார்கள். மூன்று நாள் எதிர்காற்றில் நின்று மருந்தடித்தார். நாலாம் நாள் வாயில் நுரை தள்ளியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பூதலூர் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். ரயில் வருவதற்குள் அந்தப் பெஞ்சிலேயே உயிர் பிரிந்தது. காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் பேசியது.

கம்பெனிக்காரர்கள் படம் பிடித்த அன்று ஸ்பிரேயர் மாட்டிய நாலு பேரில் இப்போது உயிரோடு இருப்பவர் துரைராசு ஒருவர்தான். காத்தானுக்குக் கூட்டாளி. ஒரு தரம் வாந்தி எடுத்ததும் இனி மருந்தடிக்க மாட்டேன் என்று பண்ணையாரிடம் சொல்லிவிட்டு நின்றுகொண்டவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடர்விழி அவரைத் தேடிப் பூதலூருக்குப் பஸ் ஏறினாள்.

அவர் மூத்த மகன் வீட்டில், கயிற்றுக் கட்டிலில் இருந்தார். மருமகள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அட! இது நான்தாம்மா!"

"பெரியப்பா, எங்கப்பாவா இருக்குமோன்னுதான் கொண்டாந்தேன்."

"இந்தச் சட்டைய எப்படி மறப்பேன்? கம்பெனிச் சட்டை. நாலு பேருக்கும் ஒரே சட்டைதான். ஒருத்தன் கழட்டிக் குடுக்க ஒருத்தன் மாட்டிக்கிட்டு நின்னோம். படம் புடிச்சு முடிஞ்சதும் அவங்களே வாங்கிக்கிட்டாங்க." அவர் படத்தைத் தடவினார். "பாரு, எப்படி இருந்திருக்கேன்!"

மருமகளும் குனிந்து பார்த்தாள். "ஆமா மாமா, காது அப்படியே உங்க காது."

"பெரியப்பா, எங்கப்பா எப்படி இருப்பாங்க? அதையாவது சொல்லுங்க."

துரைராசு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "காத்தான் கொஞ்சம் கட்டை... இல்ல, கட்டை எங்க கூட மருந்தடிச்ச முருகையன்தான். காத்தான் ஒசரம். ஒசரம்தான்னு நெனக்கிறேன்." கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். "நல்லவன்மா அவன். நான் நின்னுக்கிட்டப்ப என் பங்கு வயலயும் சேத்து அவன்தான் அடிச்சான்."

அதைச் சொன்னதும் அவர் படத்தைக் கீழே வைத்தார். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் அவர் மறுபடி படத்தைத்தான் பார்த்தார்.

"எனக்கு வயசுக் காலத்துப் படம் ஒண்ணுமே இல்ல. இத நான் வச்சுக்கவா, ஆயி?"

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் எதை வைத்துச் சொல்வது? "வச்சுக்கங்க பெரியப்பா" என்றாள். அவள் செருப்பை மாட்டும்போதே உள்ளே மருமகள் ஆணி தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்சம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "போவட்டும். உசுரோட இருக்கறவரு வச்சுக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பா பேச்சு வரவில்லை. இத்தனை வருஷம் இல்லாத மனுஷன் இப்போதுதான் செத்துப்போனது போல இருந்தது.

திங்கட்கிழமை நூலகத்தில் அந்தப் பக்கத்துக்கான விவரத்தை எழுத வேண்டியிருந்தது. 'படத்தில் இருப்பவர்' என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அது உதிரி பாகங்களின் பக்கம். வாஷர், ஸ்பிரிங், ரப்பர் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் எண்ணும் இருந்தன. ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்தாள்.

தை அமாவாசை வந்தது. சுடர்விழி காலையில் கடைத்தெருவுக்குப் போய் வாழை இலையும் பூசணிக்காயும் வாங்கிவந்து அடுக்களையில் வைத்தாள். அம்சம் குளிக்காமல், அடுப்பு பற்றவைக்காமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நேரமாவுதும்மா. எந்திரி."

"இந்த வருசம் வேணாம்டி" என்றாள் அம்சம். "யாருன்னு நெனச்சுக்கிட்டுப் படைக்கிறது?"

சுடர்விழி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் எழுந்திருக்கவில்லை.