கெண்டைக்காலில் இழுத்து ஒட்டிய பட்டை

ஆடிய அன்று வலிக்காது. மறுநாள் காலையில்தான் உடம்பு பேச ஆரம்பிக்கும்.

காஞ்சிபுரத்தில் ஆசிரியர்களுக்கான பூப்பந்துப் போட்டி. சனிக்கிழமை முழுக்க ஆடி எங்கள் பெண்கள் அணி இறுதிக்கு வந்துவிட்டது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த புதிது. விடுமுறையில் யாரும் மட்டையைத் தொடவே இல்லை. ஞாயிறு காலை, உத்திரமேரூரில் எங்கள் வாசலில் கோலம் போட உட்கார்ந்த நான் எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார். கடைக்குக் கிளம்பியவர் நின்றார்.

"இன்னா ஆச்சு?"

"தொடையும் கெண்டையும் கல்லாட்டம் கீது. சாயங்காலம் பைனல் வேற."

"மாத்திரை ஒண்ணு போட்டுக்கினு படு. போவாதே."

"போவாம எப்படி? கடையில இழுத்தா நீளுமே, அந்த பிளாஸ்டர், அத்த எடுத்துக்கினு வாங்க."

துணிபோல் நெய்த, ரப்பராக இழுபடும் ஒட்டுப்பட்டை அது. சுளுக்குக்கு வாங்கிப்போவார்கள். முந்தைய வருஷம் என் கணுக்கால் பிசகியபோது ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்தார்கள். பட்டைக்கு அடியிலிருந்த சதை மட்டும் இதமாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அவர் கடையைத் திறந்து ஒரு சுருளை எடுத்துவந்தார். முதலில் கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கி ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின.

"காலு நீலம் பூத்துக்கினு வருது, பாரு" என்று அவர் கத்தரியால் நறுக்கி எடுத்தார். "இன்னும் வோணுமா இது?"

"வோணும். சுத்தினதுதான் தப்பு."

இந்தமுறை குதிகாலுக்கு மேலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, சதையின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒட்டினேன். லேசாகத்தான் இழுத்தேன். அதுவும் வலது காலில் மட்டும். பிறகு படியில் இறங்கி ஏறிப் பார்த்தேன். இடது கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது. வலது கால் தன்பாட்டுக்கு இறங்கியது. எனக்கு அது போதும். இடது காலுக்கும் தொடைகளுக்கும் ஒட்டிக்கொண்டு, மிச்சச் சுருளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

போட்டி நடந்த பள்ளியின் மைதானத்தில் எங்கள் கேப்டன், தென்னேரிப் பள்ளி டீச்சர், மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தன்னால் ஆட முடியாது, எதிரணிக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்றார். நான் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

"இன்னா டீச்சர் இது, டியூபுக்குப் பஞ்சர் ஒட்டினாப்பல?"

"சிரிச்சிக்கினே உள்ள வாங்க. உங்களுக்கும் ஒட்டுறேன்."

வகுப்பறைக் கதவைத் தாழிட்டு அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒட்டிவிட்டேன். ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றாள், அவளை வற்புறுத்தவில்லை.

முதல் ஆட்டத்தைத் தோற்றோம். கால் ஒத்துழைத்தாலும் மனதிலிருந்த பயம் போகவில்லை. தாழ்ந்து வந்த பந்துகளை எல்லாரும் விட்டுவிட்டோம். இடைவேளையில் கேப்டன் தானாகவே நாலு முறை உட்கார்ந்து எழுந்தார். பிறகு என்னைப் பார்த்து, "குனியலாம் போலக் கீதே" என்றார்.

அதன்பின் குனிந்தோம். வலி போய்விடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். சதையை யாரோ உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. அந்தத் துணிச்சலில் இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தோம். மூன்றாவதில் வலையை ஒட்டி விழுந்த பந்தைக் கேப்டன் முழங்கால் மண்ணில் படப் பாய்ந்து எடுத்தார். அதற்குப் பின் எதிரணி எங்களை எட்டவில்லை.

பட்டையை உரிப்பதுதான் பெரும்பாடு. கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"உன் வைத்தியத்துக்கு அந்த வலியே தேவலாம், டீச்சர்."

யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்கள். ஓரத்தில் தடவி ஊறவிட்டு உரித்தால் அவ்வளவாக எரியவில்லை. அந்த விஷயம் அன்றுதான் தெரிந்தது. நாங்கள் உரித்துக்கொண்டிருக்கும்போதே தோற்ற அணியின் ஒருத்தி நொண்டியபடி வகுப்பறை வாசலில் வந்து நின்றாள்.

"அது எந்தக் கடையில கிடைக்கும், அக்கா?"

அவளை உள்ளே அழைத்து, பெஞ்சில் உட்காரவைத்து, பையிலிருந்த கடைசித் துண்டை அளவாகக் கிழித்தேன்.