கொள்ளிடக் கரையும் என் இடது நுரையீரலும்

பத்திரம் எழுதுவது என் தொழில். எழுதி முடித்ததும், விற்பவர் வாங்குபவர் இருவர் முன்னாலும் மடமடவென்று வாசித்துக் காட்டுவேன். ஒரு சித்திரை மாதம் எங்கள் ஊர் திருமானூரில் அப்படி வாசித்தபோது, நான்கு எல்லைகளையும் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. இடது விலாவில் சுருக்கென்று வலி. வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு மோர் குடித்தேன். மோர் குடித்தே இரண்டு மாதத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தினமும் மாலையில் காய்ச்சல் வந்தால் அதற்கு வெயில் காரணமல்ல.

அரியலூர் ஆஸ்பத்திரியில் கோழையைச் சோதித்துக் காசம் என்றார்கள். அது யுத்த காலம். படுக்கை, பால், முட்டை, மீனெண்ணெய், இவைதான் வைத்தியம். ப்ளூரிசியும் (நுரையீரல் உறையில் நீர் கோத்துக்கொள்வது) இருந்ததால் விலாவில் ஊசி செருகி நீரை எடுத்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். என் மகள் செசிலிக்கு அப்போது ஒரு வயது. கோழையில் கிருமி போகும்வரை அவளைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்குங்க?"

"அது உங்க கையிலதான் இருக்கு. பறக்காதீங்க."

என்னிடம் போய் அதைச் சொன்னார். படுத்துக்கொண்டே பறப்பவன் நான். ஐந்து மாதம் வீட்டில் தனி அறையில் படுத்துக் கூரை ஓடுகளை எண்ணினேன். செசிலி வாசற்படியில் நின்று என்னைப் பார்ப்பாள். உள்ளே கால் வைத்தால் என் மனைவி ஞானம் அதட்டுவாள்.

பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். "காலையில ஆத்தங்கரைப் பக்கமா போங்க. தினம் கொஞ்சம் கூட்டிக்கங்க. மூச்சு வாங்குனா அங்கேயே திரும்பிடணும்."

பதினைந்து வருஷமாக 'தெற்கே கொள்ளிடக் கரை' என்று எழுதியவன், அந்தக் கரையில் உலாவியது அதுவே முதல் தடவை. கரையிலிருந்து பார்த்தால் திருமானூர் வேறு ஊராக இருந்தது. கொல்லைகள், உலரும் பாய்கள், செங்கல் சூளை. தெருவில் எல்லோரையும் விரட்டும் பெரிய மனிதர் ஒருவர், பின்கட்டில் மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த நிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றையே அளவாக்கிக்கொண்டேன். இன்று வாழைக்கொல்லை வரை, நாளை தென்னந்தோப்பு வரை.

தோப்புக்குக் கிழக்கே புளியமரம். பழைய பத்திரங்களைப் பார்த்து அதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒருநாள் அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவதென்று கிளம்பினேன். மரத்தைக் காணோம். மூச்சு வாங்கியது. பத்திரத்தில் இருக்கும் மரம் எங்கே போகும் என்று மேலே நடந்தேன். பரிசல் துறைக்கு வந்ததும் இருமல் பிடித்தது. துண்டில் ரத்தம்.

பரிசல்காரர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். "புளியமரமா? அது எங்கப்பா காலத்து வெள்ளத்துலயே போயிடுச்சுங்க."

மறுபடியும் படுக்கை. ஞானம் கஞ்சிக் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். பிறகு, "மரத்தத் தேடிப் போனீங்களே, வூட்டுல ஒரு புள்ள இருக்கறது நெனப்பு இல்லையா?" என்றாள். புள்ளைக்காகத்தான் அவசரப்பட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுதேன்.

ஏழு மாதம் போயிற்று. மூன்று சோதனையிலும் கிருமி இல்லை. "புள்ளைய எடுத்துக் கொஞ்சுங்க, போங்க" என்றார் டாக்டர். ஊர் திரும்பும்போது, பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடிய பஸ் ஒவ்வொரு மேட்டிலும் முனகியது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்து இரு கைகளையும் நீட்டினேன். செசிலி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா, அங்கேயே நில்லு. கிட்ட வந்தா அம்மா திட்டும்."

ஞானம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழைய ஆளாக இருந்தால் தாவிப் பிடித்திருப்பேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படியே உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். தினம் ஓரடி கிட்டே வருவாள், போய்விடுவாள். ஆறாம் நாள், கையில் முறுக்கோடு, தானாகவே வந்து என் மடியில் உட்கார்ந்தாள். கால் மரத்துப் போயிற்று. அவள் எழுந்து போகும்வரை நான் அசையவில்லை.