எதிரணிக்குக் கைதட்டியவர்

டெல்லியில் ஆசிய இளம்பெண்கள் கால்பந்துத் தகுதிச்சுற்று நடந்தபோது, சரோஜினி நகரிலிருந்து நானும் பார்க்கப் போயிருந்தேன். கேலரியில் கூட்டமே இல்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு நர்ஸ், வெள்ளைச் சீருடைக்கு மேல் ஸ்வெட்டரோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நம் பெண்கள் கோல் அடித்தபோதெல்லாம் அவர் வெளிநாட்டு கோல்கீப்பரைப் பார்த்துக் கைதட்டி, "போகட்டும் மக்ளே!" என்று கத்தினார். நாகர்கோவில் தமிழ்.

"நம்ம டீம் அந்தப் பக்கம், சிஸ்டர்" என்றேன், எரிச்சலை மறைக்காமல்.

"நம்ம பிள்ளையளுக்கு நீங்க எல்லாரும் இருக்கியல்லா? அந்தப் பிள்ளைக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

ஆட்டம் முடிந்ததும் அந்த கோல்கீப்பர் எங்கள் பக்கம் ஓடிவந்து, சிஸ்டரைப் பார்த்துக் கையசைத்தாள். அவரோ சட்டென்று திரும்பி, யாருக்கு என்று என்னைத் தாண்டிக் காலி வரிசைகளில் தேடினார்.