அண்ணன் வாங்கிய சின்னக் கண்ணாடி

என் பெட்டியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கறுப்புக் குழாய் ஒன்று இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், கட்டைவிரல் தடிமன், இரண்டு நுனியிலும் கண்ணாடி. புல்லாங்குழலா என்று கேட்டவர்கள் உண்டு. துப்பாக்கியின் மேல் பூட்டும் தூரக்கண்ணாடி என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதன் மேல் பொறித்திருப்பது இங்கிலீஷ் எழுத்தாம். தமிழையே கூட்டிக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அது எதற்கு? அந்தக் கண்ணாடி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். சேலத்துக் கடையில் அதைப் பொறுக்கி எடுத்தபோது அண்ணன் பக்கத்தில் நின்றவள் நான். அதை வாங்கியதும் என் வெள்ளித் தண்டையைக் கொடுத்துத்தான்.

அண்ணன் பஸ்ரா பக்கம் சண்டைக்குப் போய்த் திரும்பியவர். மேட்டூரில் அணை எழும்பியதும் அங்கே காவல் வேலைக்குச் சேர்ந்தார். அணை எழும்பியதால் மூழ்கிய ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. கணவனைப் பறிகொடுத்து வந்த நானும் அம்மாவும் அண்ணனுடைய குவார்ட்டர்ஸில் ஒண்டினோம். ஊரைக் காலி செய்த அன்று வண்டியில் எல்லாம் ஏற்றிய பிறகு அம்மா இறங்கிப் போய்விட்டார். தேடிப் போனால் குடத்துத் தண்ணீரைக் கையால் அள்ளி வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறார். "வாசத் தெளிக்காம ஊட்ட உட்டுட்டு வரச் சொல்றியா?" என்று என்னைத்தான் திட்டினார். குவார்ட்டர்ஸுக்கு வந்த வருஷமே படுத்துவிட்டார். கடைசி நாட்களில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அங்கே வாசல் தெளித்தாச்சா? ஆச்சுங்கம்மா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அங்கிருந்த இன்ஜினீர் துரைக்குத் தொலைதூரத்தில் பலகை வைத்துச் சுடும் பந்தயத்தில் பைத்தியம். கோடையில் தண்ணீர் இறங்கி ஏரியின் படுகை வெளியே வந்ததும் பந்தயம் வைப்பார். அண்ணன் ஜெயித்துக் கொடுத்த வரைக்கும் அவரைத் தலையில் வைத்து ஆடினார். பிறகு அண்ணனுக்குப் பார்வை மங்கியது, ஒரு பலகை இரண்டாகத் தெரிந்தது. குறி தப்பிய வருஷம் துரை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: கண் தெரியாத காவலாள் எனக்கு எதற்கு, அடுத்த கோடையிலும் தப்பினால் வீட்டைக் காலி செய். வேண்டுமானால் துப்பாக்கிக்குக் கண்ணாடி போட்டுக்கொள், உன் செலவில். ஒரு வீட்டை ஏற்கெனவே தண்ணீருக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். இனிப் போடப்போவதில்லை என்று பெட்டியில் கிடந்த தண்டையை எடுத்துக்கொண்டு நானும் அண்ணனுடன் சேலத்துக்குக் கிளம்பினேன்.

சீமைக்குத் திரும்பும் துரைமார்கள் விட்டுப் போகும் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கும் பாய் ஒருவரின் கடை அது. எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு கண்ணாடிகள். ஒன்று முழங்கை நீளத்தில் பித்தளை, மற்றது இந்தச் சின்னக் கறுப்பு. அண்ணன் அவசரப்படவில்லை. "மத்தியானத்துல எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்" என்று வெளிச்சம் மங்கும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். மங்கிய பிறகு எதிர்க்கூரையின் ஓர் ஓட்டின் மேல் உள்ளே தெரியும் கூட்டல் குறியை நிறுத்தி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, குறி ஓட்டை விட்டு நகர்கிறதா என்று பார்த்தார். மேலே இருந்த திருகைத் திருப்பி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, குறியும் கூடவே திரும்பி வந்ததா என்று பார்த்தார். விரல் முட்டியால் தட்டியும் பார்த்தார். இரண்டும் தேறின. ஆனால் நீளமானதுதான் விலை குறைவு.

"ஏனுங்க பாய், பெருசு மலிவா இருக்குது?" என்று கேட்டேன்.

"வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா. வெயில்ல எல்லாம் ஆடுதாம். பொண்ணு பாக்கப் போற எடத்துல அக்காகாரி பளபளன்னு நிப்பா, குடும்பத்துக்கு ஆவறது தங்கச்சிதான். ரெண்டையும் கொண்டு போய் உங்க வெயில்ல பாருங்க. வேண்டாததைக் கொண்டாந்து குடுங்க." தண்டையை அவரிடம் விட்டுவிட்டு இரண்டையும் கொண்டுவந்தோம்.

அந்த வருஷம் தண்ணீர் நன்றாகவே இறங்கியிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலின் கருங்கல் விளக்குத்தூண் முதலில் வெளியே வந்தது. பிறகு கரைந்துபோன சுவர்களின் மேடுகள் ஒவ்வொன்றாய் வந்தன. எங்கள் வீட்டில் மிஞ்சியது இரண்டு கல்தூண்களும், வாசற்படியும், பின்னால் பெரிய மண்மேடும். அந்த மேடு குண்டைத் தாங்கும் என்று அதற்கு முன்னால்தான் பலகையை நடச் சொல்லியிருந்தார் துரை. அது யார் வீடு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கரையில் படுத்து முதலில் சின்னதில் பார்த்தோம். உள்ளங்கை அளவுக்குப் பலகை, நடுவில் கறுப்பு வட்டம். வேறொன்றும் இல்லை. பெரியதில் பலகை கிட்டத்தில் வந்து நின்றது. வெயில் ஏறியதும் படுகை முழுவதும் அலை அடிக்க ஆரம்பித்தது.

"ஏனுங்கண்ணா, தண்ணி திரும்பி வந்துருச்சா?"

"தண்ணியில்ல அம்மிணி, கானல். பஸ்ரா மணல்ல பாக்காத கானலா! வெயில் ஏறுனா வரும், எறங்குனா போயிரும். அது ஓடற பக்கந்தான் காத்தும் ஓடும்." சொல்லிக்கொண்டே கண்ணாடியை எங்கள் வாசற்படிப் பக்கம் திருப்பினார். "வாசத் தெளிச்சிருக்குது" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். எங்கள் படிக்கு முன்னால் தரை கறுத்திருந்தது. கானல் ஓடும். இது ஓடவில்லை. கையால் அள்ளி வீசினால் எப்படி வில்வில்லாக விழுமோ அப்படிக் கிடந்தது. இருவரும் எழுந்து அங்கே நடந்தோம். காலடியில் கிளிஞ்சலும் மீன்முள்ளும் நொறுங்கின. வாசலில் மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. உள்ளங்கையை வைத்தேன், சுட்டது. குருவி கத்தாத இடமாக இருந்தது அது.

மறுநாள் அண்ணன் பெரியதைத் துப்பாக்கியில் பூட்டிப் படுத்தார். விசைக்குப் போன விரல் திரும்பி வந்துவிட்டது.

"ஆள் நிக்குது."

"கல்தூணுங்கண்ணா அது."

"தூணு குனியுமா அம்மிணி?" துப்பாக்கியைக் கீழே வைத்தார். "ஆள் நிக்கிற பக்கம் குழல நீட்டப்படாது. பட்டாளத்துல மொதோ நாள் சொல்லிக் குடுக்கறதே அதுதான்."

"சின்னதைப் பூட்டுங்க. அதுல ஒண்ணும் தெரியலீல்ல?"

"தெரியாட்டி இல்லைன்னு ஆயிருமா?"

"ஆகோணும். இனி இந்த ஊட்டையும் உட்டுட்டு எங்க போறது?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பந்தயத்தன்று அவர் சின்னதில் சுடுவார். நான் பெரியதை வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்க வேண்டும். யாராவது நின்றால் கையைத் தூக்க வேண்டும்.

பந்தயத்தன்று துரைமார்களுக்குப் பந்தல், நாற்காலி எல்லாம் போட்டிருந்தார்கள். நான் மோர்ப்பானையோடு தள்ளி இருந்த வேலமரத்தடியில் உட்கார்ந்தேன், முந்தானைக்குள் பித்தளைக் குழாய். இன்னொரு காவலாள் அண்ணனைச் சீண்டினார்: "என்னப்பா, துப்பாக்கிக்குக் கண்ணாடி போட்டாச்சு, நெத்தியில பொட்டு வெக்கிலயா?"

"உனக்கு வெச்சு உடறேன், செத்த இரு" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லை என்று நான் தலையசைத்தேன். வாசல் நனைந்துதான் கிடந்தது. கடைசிக் குண்டுக்கு முன்னால் தூண்களுக்கு நடுவே, குனிந்திருந்த ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்தது. வெயிலில் எல்லாம் ஆடும் என்று பாய் சொல்லியிருந்தார் அல்லவா? நான் தலையசைத்தேன். அண்ணன் சுட்டார். கரைக்கும் மேட்டுக்கும் நடுவில் அந்தச் சத்தம் நெடுநேரம் அலைந்தது. பலகையை எடுத்து வந்து பார்த்தபோது எல்லாக் குண்டும் கறுப்பு வட்டத்துக்குள். துரை அண்ணனின் தோளில் தட்டினார். வேலையும் வீடும் நிலைத்தன.

சாயங்காலம் அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். "யாரும் வருலியா அம்மிணி?"

"வருலீங்கண்ணா." இன்று அவரே எழுந்து வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பெரியதைக் கடையில் திருப்பிக் கொடுத்தோம். "ஆடுச்சா?" என்று மட்டும் கேட்டார் பாய். இல்லாததைக் காட்டாது என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னது எங்களோடு நின்றது. காற்று சரியில்லை என்று துரையிடம் ஏதோ சொல்லி, மறுவருஷமே பலகையை வேறு மேட்டுக்கு மாற்ற வைத்தார் அண்ணன். எங்கள் மேட்டுப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸில்தான் கண்ணை மூடினார். முழுப் பார்வையும் போன பிறகும் இந்தக் குழாயை மட்டும் துடைத்துத் துடைத்து வைப்பார்.

இப்போது அந்தத் துரைகளும் இல்லை, துப்பாக்கிச் சத்தமும் இல்லை. இந்தக் கோடையில் தண்ணீர் அடிவரை இறங்கிவிட்டது, விளக்குத்தூண் தெரிகிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். விடியும் முன்னே பஸ் ஏறினேன். கரையில் அண்ணன் படுக்கும் இடத்தில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, சின்னக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். மேடு கரைந்து சிறுத்திருந்தது. தூண்களில் ஒன்று சாய்ந்திருந்தது. படி அப்படியே இருந்தது. படிக்கு முன்னால் தரை கறுத்து, வில்வில்லாக நனைந்து கிடந்தது.

கானல் வர வெயில் ஏற வேண்டும். சூரியன் அப்போது மலைக்குப் பின்னால்தான் இருந்தது. காற்று சில்லென்று வந்தது.

ஆள் நிற்கிற பக்கம் குழலை நீட்டக் கூடாது. கண்ணாடியைக் கீழே இறக்கி, துணியில் சுற்றிக்கொண்டேன்.