முகத்துவாரம் வெட்டும் பொத்தான்

எங்கள் தெருவோரக் கால்வாயில் தண்ணீர் ஏறுவதில்லை. நெதர்லாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் வந்து பதினெட்டு வருடமாகிறது. மூன்று நாள் விடாமல் மழை பெய்தாலும் நாலாம் நாள் தண்ணீர் கரைக்கல்லின் அதே வரியில்தான் நிற்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவளுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருந்தது. வந்த முதல் வருடம் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார். "தண்ணீர் ஏறவில்லை" என்று தெரிந்த அளவு டச்சில் சொன்னேன். "ஏன் ஏற வேண்டும்?" என்று கேட்டார். இங்கே 'வாட்டர்ஸ்ஹாப்' என்று ஒரு நீர்ச்சபை இருக்கிறது. தண்ணீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று அது தீர்மானிக்கும், தண்ணீரும் சொன்னபடி நிற்கும். கட்டிய புருஷன்கூட அப்படி நிற்கமாட்டான்.

கண்ணாடிக் கூரை போட்ட தக்காளிப் பண்ணையில் பதின்மூன்று வருடம் குனிந்து நிமிர்ந்ததில் என் முதுகு போய்விட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைச் சுயதொழில் வகுப்புக்கு அனுப்பியது. அங்கிருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததுமே படிவத்தில் 'சமையல்' என்று எழுதிவிட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அதை வெட்டச் சொல்லி, "கணினி விளையாட்டு" என்றேன். முதுகு வலியோடு படுத்துக் கிடந்த மாதங்களில் தொலைபேசியில் வயல் செய்யும் விளையாட்டுகளை விளையாடியே பொழுதைப் போக்கியிருந்தேன். அவற்றில் மழை எப்போதும் நல்ல மழை. வயல் செய்கிற ஒருவனும் வானத்தைப் பார்த்துப் பயந்ததை நான் காணவில்லை. இதைவிட உண்மையாக ஒன்று செய்யலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கோட் எழுதுவது பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதே வகுப்பில் வேலை போன ஒரு புரோகிராமர் இருந்தான், பெயர் மார்ட்டன். அவனுக்கு எழுதத் தெரியும், எழுதுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆக, மூடிக் கிடந்த ஒரு பாலர் பள்ளி அறையில், முழங்கால் உயரத்துக் கைகழுவும் தொட்டிகளுக்கு நடுவே, இரண்டு பேருமாக ஸ்டூடியோ தொடங்கினோம். நான் சுவர் ஒட்டுக் காகிதச் சுருளின் பின்பக்கத்தில் விதிகளை எழுதுவேன், அவன் அவற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பான். இது நடந்தால் என்ன ஆகும், அது நடந்தால் என்ன ஆகும் என்று நாள் முழுக்கக் கேட்பான். பதில் சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தில் நான் களைத்துப்போனேன்.

விளையாட்டு இதுதான். வாவிக்கு இரண்டு கரை. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எங்கள் வீடு எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட. அப்பாவின் வயல் வாவி கடந்து படுவான்கரை வயல்வெளியில், வட்டையில் இருந்தது. மாரி மழைக்கு வாவி நிரம்பினால் வெள்ளாமை தண்ணீரில் தாழும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டை, முகத்துவாரத்தை, வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடி வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு இறாலும் மீனும் போகும், வலையும் போகும். அதனால் வயல்காரர் வெட்டு என்பார்கள், மீன் பிடிக்கிற தோணிக்காரர் பொறு என்பார்கள். அரசாங்க அதிபரின் கச்சேரியில் கூட்டம் போட்டு, நாலு பேர் கத்தி, நாலு பேர் எழும்பிப்போய்த்தான் வெட்டும் நாள் முடிவாகும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்படி ஒரு மாரியில் முகத்துவாரத்தை வெட்டினார்கள். எங்கள் வயல் தப்பியது. அம்மாவின் தம்பி, வாவியில் தொழில் செய்த என் மாமா, கட்டியிருந்த வலை முழுவதையும் இழந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஒவ்வொரு வெள்ளாமைக்கும் அம்மா பனையோலைக் கடகத்தில் புத்தரிசி கொடுத்தனுப்புவா. கடகம் வெறுமையாகத் திரும்பி வரும், ஆள் வரமாட்டார். அப்பாவின் செத்தவீட்டுக்கும் வாசலில் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

ஆகவே என் விளையாட்டில் வெட்டுவதற்குப் பொத்தான் கிடையாது. விளையாடுபவர் இரண்டு கரைக்கும் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். மார்ட்டனுக்கு இது விளங்கவே இல்லை.

"தண்ணீருக்குப் பொறுப்பு யார்?" என்று கேட்டான்.

"எல்லாரும்."

"எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை. நெல் நட்டத்தையும் மீன் நட்டத்தையும் கழித்துப் பார்த்தால் வெட்டும் நாள் கிடைத்துவிடுமே?"

"மாமா வீட்டுக்கு வராமல் விட்டதை எதில் கழிப்பாய்?"

கேலிக்காகத்தான் சொன்னேன். மறுநாள் வந்து பார்த்தால் திரையின் மூலையில் 'மாமா: −20' என்று சிவப்பில் எழுதியிருந்தது. நான் அந்தக் குட்டித் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசியில் ஒரு வெளியீட்டு நிறுவனம் கிடைத்தது. படங்கள் அழகு, மழை அழகு என்றார்கள். ஒரே நிபந்தனை: முகத்துவாரத்தை விளையாடுபவரே வெட்ட வேண்டும், அதற்குப் பொத்தான் வேண்டும். இல்லையென்றால் அவர்களுக்கு வேண்டாம். அவர்களை விட்டால் வேறு ஆளும் இல்லை. ஸ்டூடியோவை மூடிவிட்டு, இந்த முதுகோடு நான் திரும்பவும் தக்காளிக்குத்தான் போக வேண்டும். பொத்தான் வைத்தால் மாமாவின் வலையை நானே அறுப்பதுபோல இருந்தது. ஒரு மத்தியானம், துணிந்து, நாற்பது வருடம் பேசாத மாமாவுக்கே தொலைபேசி எடுத்தேன்.

"ஆரு, மச்சான்ட மகளா?" குரல் கிழண்டிருந்தது. "என்ன புள்ள, சுகமா இரிக்கியா?"

விளையாட்டைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பிறகு கேட்டேன்: "அண்டைக்கு வெட்டினதில எங்களோட உங்களுக்குக் கோவம்தானே, மாமா?"

"கோவமா? ஆரு சொன்ன? நானும்தான் மண்வெட்டியோட போன. கொப்பர்ட வயல் தாழக்குள்ள வீட்ட இரிக்க ஏலுமா? முதல் வெட்டு விழக்குள்ள நான் அதிலதான் நிண்ட."

அப்பாவின் வயலுக்காகத் தன் வலையைத் தானே விட்டிருக்கிறார். "அப்ப ஏன் மாமா வீட்ட வராம விட்டீங்க?"

"என்னெண்டு வாற, புள்ள? தோணித் தொழிலாளிகள் எல்லாம் என்னைத்தான் கேட்ட, நீயும் வயல்காரனுகளோட நிண்டு வெட்டினியா எண்டு. மறுகா கொப்பர்ட வீட்ட வந்து சோறு திண்டா, சோத்துக்குத்தான் வெட்டின எண்டு ஆயிரும். அங்கயும் போக ஏலா, இஞ்சயும் வர ஏலா. தோணியிலயே கிடந்து பழகிட்டன்."

கோபக்காரன் வீட்டு அரிசியை எங்கள் பக்கத்தில் எவரும் உலையில் போடுவதில்லை. கடகம் வெறுமையாகத் திரும்பியதென்றால் மாமா வீட்டில் அந்த அரிசி வெந்தது என்றுதானே அர்த்தம்? இது அப்பாவுக்குமா தெரியாமல் போனது? பத்து வயதுப் பிள்ளையின் கண்ணால் பார்த்ததை வைத்து மூன்று வருடம் விதி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதும் விட்டேன்.

அடுத்த நாள் மார்ட்டனிடம் பொத்தான் வைக்கச் சொன்னேன். ஆனால் அது தோணிக்காரன் கையில் மட்டும்தான் இருக்கும். வெட்டினால் அவன் வலைதான் முதலில் போகும். மார்ட்டன் சந்தோஷமாக உட்கார்ந்து அதை எழுதி முடித்தான். பிறகு, ஒவ்வொரு ஆளுக்கும் பொழுதுபட்டால் போய்ச் சேர ஒரு வீடு வேண்டும், வெட்டிய பிறகு இவனுக்கு எந்தக் கரையில் வீடு என்று கேட்டான். இரண்டிலும் இல்லை, அந்த இடத்தை வெறுமையாக விடு என்றேன். விட்டான். திரையில் பொழுதுபட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். தோணிக்காரன் மட்டும் நடு வாவியில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

வெளியீட்டு நிறுவனத்துக்குப் பொத்தான் பிடித்துவிட்டது. ஒரு பிழை மட்டும் இருக்கிறதாம்: ஓர் ஆள் தண்ணீரில் சிக்கி நிற்கிறார், திருத்தினால் கையெழுத்து வைக்கலாம். அது பிழையல்ல, அவர் அங்கேதான் நிற்கிறார் என்று பதில் எழுதினேன். மார்ட்டன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது என்னுடைய வேலையும்தான்" என்றான். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுத் தன் பெயரையும் அடியில் போட்டான். ஒரு வாரத்தில் அவர்கள் விலகிக்கொண்டார்கள். நான் தக்காளிப் பண்ணைக்குத் தொலைபேசி எடுத்து ஆள் தேவையா என்று கேட்டேன். தேவையாம், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை கணினிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். விளையாட்டை மாமாவின் மகளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அதை மாமாவுக்குக் காட்டியிருக்கிறாள். மாமாவின் குரல்பதிவு ஒன்று தொலைபேசியில் வந்திருந்தது: "எல்லாம் நல்லா இரிக்கு, புள்ள. ஆனா அவன நிப்பாட்டின இடம் ஆழம். அதில கம்பு ஊண்ட ஏலாது, களைச்சிருவான். கொஞ்சம் கரைப் பக்கமா தள்ளி விடு."

மார்ட்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் ஒரு கணினியைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து, வயரைக் கொழுவி, அந்த மனிதர் மேல் சுட்டியை வைத்தான்.

"எந்தக் கரைப் பக்கம்?" என்று கேட்டான்.

நான் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.