எலும்பு வார்டு என் பிரிவு அல்ல

"வியாழன், பிற்பகல் 3.40. எலும்பு வார்டு, ஒருவர். என் பிரிவு அல்ல. செவ்வாய் வருபவரிடம் சொல்ல வேண்டும்." என் கையெழுத்துதான். நாள், நேரம் தவறாமல் எழுதி வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இந்தக் குறிப்பில் நாளும் நேரமும் மட்டும்தான் சரி.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆன்மீகத் துணையாக இருப்பது என் வேலை. தொடக்கத்தில் எல்லா வார்டுகளுக்கும் போனேன். பிள்ளைக்குப் பெயர் கேட்பார்கள், விபூதி கேட்பார்கள், கோபித்துக்கொண்ட மகனுக்குப் போன் போடச் சொல்வார்கள். பிறகு கோலாலம்பூரில் ஒரு பயிற்சியை முடித்து, இறுதிக்கட்ட நோயாளிகளுக்கு மட்டும் என்று மாறினேன். அது தவறான முடிவு என்று இன்றும் சொல்லமாட்டேன். முன்பு யார் பக்கத்திலும் பத்து நிமிடம் உட்கார்ந்ததில்லை. இப்போது ஒருவர் அருகில் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கத் தெரியும்.

அந்த வியாழன், பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்ப ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். லிப்ட் அருகே சக்கர நாற்காலியில் ஒருவர் என்னை நிறுத்தினார். மேருவில் லோரி ஓட்டுபவர். சர்க்கரை நோய்.

"அண்ணே, உங்கள கேக்கச் சொன்னாங்க சிஸ்டர். நாளைக்கு என் கால போத்தோங் பண்றாங்க, முட்டிக்குக் கீழ வெட்டிடுவாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு மலாய்க்கார பாக்சிக், வயசானவரு, அவரு மகன் வந்து கால வாங்கிட்டுப் போயி அடக்கம் பண்ணிட்டான். நம்மாளுங்க என்னண்ணே பண்ணணும்?"

"அந்த வார்டு இப்ப நான் பாக்குறதில்லைங்க. வேற ஒருத்தர் இருக்காரு. செவ்வாய்க்கிழமை வருவாரு."

"செவ்வாய்க்கிழமை நான் இருப்பேன். கால் இருக்காதே லா," என்று சிரித்தார். "நீங்க எந்த வார்டு?"

சொன்னேன்.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் மோசமானா வருவீங்க."

நானும் சிரித்தேன். லிப்ட் வந்தது.

பதில் எனக்குத் தெரியும். எல்லா வார்டுக்கும் போன நாட்களில் இரண்டு குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு குடும்பம் மின்சுடலைக்குக் கொண்டுபோனது, இன்னொன்று இடுகாட்டில் புதைத்தது. அறுவை சிகிச்சைக்கு முன் வார்டில் சொல்லி, சம்மதத் தாளில் 'குடும்பம் பெற்றுக்கொள்ளும்' என்று குறித்தால் போதும். அன்று மாலையே அந்தத் தாள் அவர் கைக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும். சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை நானே எலும்பு வார்டுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

"கையெழுத்துப் போட்டுட்டாரு அண்ணே. யாருக்கும் தெரியல, அவங்களே என்னமோ பண்ணிக்கட்டும்னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. சனிக்கிழமை புது வேட்டி ஒன்னு எடுத்துக்கிட்டு சவக்கிடங்குக்குப் போனேன், கால அதுல சுத்தி எடுத்துட்டுப் போலாம்னு. லேட்டாயிருச்சும்மா, போயிருச்சுன்னாங்க."

லிப்ட் அருகே நின்றவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா, "நீங்களாவது வந்து கேட்டீங்களே, அது போதும்ணே," என்றார். நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு சவக்கிடங்கில் விசாரித்தேன். ஊழியர் ஒருவர், வெட்டியெடுத்த உறுப்புகள் அன்றன்றே எரிக்க அனுப்பப்படும் என்றார். இன்னொருவர், வாரக் கடைசியில் வண்டி வராது, திங்கட்கிழமைதான் என்றார். இரண்டாமவர் சொன்னது சரியென்றால், அந்த அம்மா வேட்டியோடு நின்ற நேரத்தில் கால் உள்ளேதான் இருந்திருக்கிறது. பதிவேட்டைப் பார்க்க இரண்டு முறை கேட்டேன், காட்டவில்லை. எது உண்மை என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.